படையில் சேர்ந்தால் கல்விக்கடன் தீருமா? அமெரிக்க நடைமுறை: ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெறுவோரில் ஏறத்தாழ பாதிப் பேர் கடனோடுதான் கல்லூரியை விட்டு வெளியே வருகின்றனர். அவர்களுடைய சராசரிக் கடன் 30,000 டாலரை ஒட்டியிருக்கும். நாடு முழுவதும் கூட்டாட்சி அரசிடம் கல்விக்கடன் பெற்றவர்கள் 4 கோடிக்கும் மேல். அவர்கள் கட்டவேண்டிய நிலுவை 1.6 லட்சம் கோடி டாலர் அளவில் நிற்கிறது. கடனைத் தலையில் சுமந்துகொண்டு வேலை தேடும் இளைஞரிடம், கடைவீதி வளாகம் ஒன்றில் அலுவலகம் வைத்திருக்கும் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலர், "நீ சேர்ந்துவிடு, கடனை ராணுவம் கட்டிவிடும்" என்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் எந்தக் கடன், எவ்வளவு, எப்போது, எதை விட்டுக்கொடுத்தால் என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் விடை கிடையாது.

ராணுவம் கடனை அடைக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே திட்டமன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு இயற்றப்பட்ட சில சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, படைத்துறை தன் பணத்தைக் கொடுத்து அசலை அடைப்பது. இன்னொன்று, பணியில் இருக்கும் காலத்துக்கு வட்டியைக் குறைப்பது. மற்றொன்று, அரசுப் பணியில் பத்தாண்டு கழித்தபின் எஞ்சிய கடனைத் தள்ளுபடி செய்வது. ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு, படிவம் வேறு, அதை நடத்தும் அலுவலகமும் வேறு. ஆகவே எந்த ஆண்டுச் சேவை எந்தச் சலுகையின் கணக்கில் ஏறுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே இவற்றால் முழுப் பயன் கிடைக்கிறது.

பணமாகத் தரும் திட்டம்

அமெரிக்கா 1973-ல் கட்டாய ராணுவச் சேவையைக் கைவிட்டது. அதற்குப் பிறகு படைக்கு வருவோர் அனைவரும் தாமாக விரும்பி வருபவர்களே. அவர்களை ஈர்க்கச் சம்பளம் மட்டும் போதாது என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. கல்லூரி வாசலை மிதித்தவர்களையும் இழுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1980-ல் நிறைவேறிய பாதுகாப்புத்துறைச் சட்டம் ஒன்றில், சேவைக்கு ஈடாகக் கல்விக்கடனை அடைக்கும் ஏற்பாடு சோதனை முறையில் புகுத்தப்பட்டது. பின்னர் அது நிரந்தரமாயிற்று. இன்று 'கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம்' என்று ஆள்சேர்ப்பு அலுவலர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

இதன் அடிப்படை விதி எளிது. முழுநேரப் பணியில் சேரும் சிப்பாய் நிறைவு செய்யும் ஒவ்வோர் ஆண்டுக்கும், அவருடைய கடன் அசலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 1,500 டாலர், இவற்றுள் எது அதிகமோ அதனைப் படைத்துறை கட்டும். தரைப்படையிலும் கடற்படையிலும் மொத்த உச்சவரம்பு 65,000 டாலர். விமானப்படை தன் சிப்பாய்களுக்கு வைத்த வரம்பு 10,000 டாலர் மட்டுமே. மரைன் படையில் சிப்பாய்களுக்கு இத்தகைய திட்டமே இல்லை. இந்தச் சலுகை எல்லாக் காலத்திலும் எல்லாப் பணிப்பிரிவுக்கும் திறந்திருப்பதும் இல்லை. ஆள் தட்டுப்பாடு வரும்போது பட்டியல் நீளும், தேவை குறையும்போது சுருங்கும். 2022 நிதியாண்டில் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு 15,000 பேர் குறைவாகவே சேர்த்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் பேரம் பேசும் வலிமை சேர வருபவரின் பக்கம் சற்றுச் சாயும்.

தரைப்படையில் இதற்குத் தகுதி பெற, முன்பு படையில் பணியாற்றாதவராக இருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிச் சான்று வேண்டும். நுழைவுத் தேர்வில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட சதமான மதிப்பெண் வேண்டும். படைத்துறை அந்தச் சமயத்தில் ஆள் தேடும் பணிப்பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடன், பணியில் சேருவதற்கு முன்பே வாங்கியதாக இருக்க வேண்டும். அது கூட்டாட்சி அரசின் கல்விக்கடனாக இருப்பதும், தவணை தவறி வாராக்கடன் நிலைக்குப் போகாமல் இருப்பதும் அவசியம். 270 நாள் தவணை கட்டாமல் விட்டால் கூட்டாட்சிக் கடன் அந்த நிலையை அடைந்துவிடும். தனியார் வங்கியில் வாங்கிய கல்விக்கடன் பொதுவாக இத்திட்டத்தில் அடங்காது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சலுகை சேர்க்கை ஒப்பந்தத்தின் இணைப்புத் தாளில் எழுத்து மூலம் இடம்பெற்றிருக்க வேண்டும். பணியில் சேர்ந்தபின் அதைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை நம்பி வருபவர், மருத்துவப் பரிசோதனையும் ஒப்பந்தமும் நடக்கும் நுழைவு மையத்தில் ஒரே நாளில் பல தாள்களில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அந்தக் கட்டில் கடன் இணைப்பு இல்லையென்றால் அன்று கையெழுத்துப் போடாமல் திரும்பி வருவதே நல்லது. அதுவரை அவர் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: முழுநேரப் பணி மூன்றோ நான்கோ ஆண்டுதான் என்றாலும், மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டு. மிச்ச ஆண்டுகளுக்கு அவர் பெயர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். தேவை வந்தால் அழைக்கலாம்.

30,000 டாலர் எப்படி 23,400 ஆகிறது

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் திட்டத்தின் உண்மையான அளவு விளங்கும். 30,000 டாலர் கூட்டாட்சிக் கடன், வட்டி 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு வீதம் ஆண்டுக்கு 10,000 டாலர் வரவேண்டும். ஆனால் இந்தத் தொகை சட்டத்தின் பார்வையில் சிப்பாயின் வருமானம். அதற்கு வரி உண்டு. 22 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டால், கடன் கணக்குக்குப் போய்ச் சேருவது 7,800 டாலர் மட்டுமே. மூன்று ஆண்டில் அது 23,400 டாலர். மீதி 6,600 டாலர் அசல் அப்படியே நிற்கும்.

வட்டியின் கதை தனி. படைத்துறை அசலுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. முதல் பணம் வருவதோ ஓராண்டுச் சேவை நிறைவடைந்த பிறகுதான். அதுவரையிலான வட்டியைச் சிப்பாயே கட்டவேண்டும். மேலே கண்ட கடனுக்கு முதல் ஆண்டில் மாதம் 125 டாலர் வட்டி வரும். அதை மாதாமாதம் கட்டிவந்தால், முதல் ஆண்டின் முடிவில் அசல் 22,200 ஆகவும், இரண்டாம் ஆண்டின் முடிவில் 14,400 ஆகவும், மூன்றாம் ஆண்டின் முடிவில் 6,600 ஆகவும் இறங்கும். மூன்று ஆண்டில் கையிலிருந்து போன வட்டி 3,330 டாலர். வட்டியைக் கட்டாமல் விட்டால் அது கடனோடு சேரும். ராணுவம் அனுப்பும் பணத்தின் ஒரு பகுதியை அந்த வட்டியே விழுங்கிவிடும். அசல் எதிர்பார்த்த அளவு குறையாது.

பணம் தானாகவும் வராது. ஒவ்வோர் ஆண்டும் பணியில் சேர்ந்த நாள் திரும்பி வரும்போது, பாதுகாப்புத்துறையின் 2475 எண்ணுள்ள படிவம் நிரப்பப்பட வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனிப் படிவம். கடன் நிறுவனம் நிலுவைத் தொகையை உறுதி செய்து கையொப்பமிட வேண்டும். படைத்துறை சேவையை உறுதி செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் கைமாறி வர மாதங்கள் ஆகலாம். பணம் தாமதமாகும்போதும் தவணைப் பொறுப்பு கடன் வாங்கியவருடையதே. இத்திட்டத்தில் இருப்போர் கேட்டால், கடன் நிறுவனம் தவணையை நிறுத்திவைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும், நிறுத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஓடும்.

விட்டுக்கொடுப்பது என்ன

வரிப்பிடித்தத்தைவிடப் பெரிய விலை ஒன்று இருக்கிறது. ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் அது சிறிய எழுத்தில்தான் வரும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஜூன் மாதத்தில், போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் ஒன்று கையெழுத்தாயிற்று. ஜி.ஐ. பில் என்று எல்லோரும் அறிந்தது அது. அதன் இன்றைய வடிவம் 2008-ல் இயற்றப்பட்டு 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, 2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தைய சேவைக்கான ஜி.ஐ. பில். 36 மாதம் முழுநேரப் பணி முடித்தவருக்கு இது 36 மாதப் படிப்பை வழங்குகிறது. கல்லூரி நாட்காட்டியில் அது நான்கு ஆண்டுப் படிப்பு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநிலத்தவருக்கான கட்டணம் முழுவதும் கிடைக்கும். தனியார் பல்கலைக்கழகம் என்றால் ஒரு வரம்பு உண்டு; 2024-25-ல் அது ஆண்டுக்கு 29,000 டாலர் அளவில் இருந்தது. அதற்கு மேல் மாதந்தோறும் வீட்டுவாடகைப் படியும், புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரையும் உண்டு. ஆறு ஆண்டுச் சேவை முடித்து, மேலும் நான்கு ஆண்டு பணியாற்ற ஒப்புக்கொண்டவர் இந்தச் சலுகையைத் தம் மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக் கொடுக்கவும் முடியும்.

கடன் அடைப்புக்குக் கணக்கிடப்பட்ட சேவைக்காலம் இந்த ஜி.ஐ. பில்லுக்குக் கணக்கில் வராது. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, மூன்று ஆண்டும் கடனுக்காகப் போய்விட்டால், வெளியே வரும்போது ஜி.ஐ. பில் கணக்கில் ஒரு மாதம்கூட இருக்காது. ஒரே சேவைக்கு அரசு இருமுறை விலை கொடுக்காது என்பது சட்டத்தின் தர்க்கம். இது தவிர, மான்ட்கோமரி ஜி.ஐ. பில் என்ற பழைய திட்டம் வேண்டாம் என்றும் சேரும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆக, கேள்வி கடனை அடைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதன்று. 23,400 டாலர் பெறுமான ஓர் உதவிக்காக, சில சமயம் லட்சம் டாலரைத் தாண்டும் மற்றோர் உதவியைத் தள்ளிப்போடுவதா என்பதே கேள்வி. என் கணிப்பில், 30,000 டாலர் அளவிலான கடன் மட்டுமே உள்ளவர், மேற்படிப்பு எண்ணமும் உடையவர், மூன்று ஆண்டு மட்டும் பணியாற்ற நினைத்தால், கடன் அடைப்புத் திட்டத்தை எடுக்காமல் சம்பளத்திலிருந்தே கடனைக் கட்டி, ஜி.ஐ. பில்லைக் காப்பாற்றிக்கொள்வது மேல். 60,000 டாலருக்கு மேல் கடன் உள்ளவர், மீண்டும் வகுப்பறைக்குப் போகும் எண்ணம் இல்லாதவர் என்றால் நிலைமை மாறுகிறது. ஆறு ஆண்டு பணியாற்றத் துணிந்தவருக்கு இந்தச் சிக்கலே இல்லை: முதல் மூன்று ஆண்டு கடனுக்கு, அடுத்த மூன்று ஆண்டு ஜி.ஐ. பில்லுக்கு என்று இரண்டும் முழுமையாகக் கிடைத்துவிடும்.

பட்டதாரி சிப்பாயாகச் சேர்வதில் உள்ள முரண்

கடன் அடைப்புத் திட்டம் பெரும்பாலும் சிப்பாயாகச் சேருவோருக்கானது, அதிகாரிகளுக்கு அன்று. கல்விக்கடன் அதிகம் உள்ளவரோ பெரும்பாலும் பட்டதாரி. அவர் அதிகாரி பயிற்சிப் பள்ளிக்கே விண்ணப்பிக்கத் தகுதி உடையவர். தரைப்படையில் சேரும் பட்டதாரி சிப்பாய் 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற தரநிலையில் தொடங்குகிறார். 2025-ல் அந்தத் தரநிலையின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 3,000 டாலரைச் சற்றே தாண்டியது. புதிதாக நியமிக்கப்படும் இரண்டாம் லெப்டினன்ட்டுக்கோ அது 4,000 டாலரை ஒட்டியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 டாலர் வேறுபாடு. நம் எடுத்துக்காட்டில் ராணுவம் ஆண்டுதோறும் கட்டுவதாகச் சொன்ன 10,000 டாலரைவிட இது அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். அதிகாரி பயிற்சிக்கு இடம் கிடைப்பது எளிதன்று, போட்டி உண்டு. ஆயினும் முதலில் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல், கடனுக்காகவே சிப்பாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அவசரம்.

முழுநேரப் பணியில் நாட்டமில்லாதவர்களுக்கு நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையும் ரிசர்வ் படையும் இருக்கின்றன. மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் பயிற்சி என்பது அவற்றின் வழக்கமான அளவு. தரைப்படை நேஷனல் கார்டில் ஆண்டுக்கு அசலில் 15 விழுக்காடு, 7,500 டாலருக்கு மிகாமல், மொத்தம் 50,000 டாலர் வரை கட்டுவார்கள். ஆறு ஆண்டு ஒப்பந்தம் வேண்டும். 30,000 டாலர் கடனுக்கு ஆறு ஆண்டில் 27,000 டாலர், அதுவும் வரிக்கு முன். வேகம் குறைவு என்றாலும் வெளியில் வேறு வேலை பார்த்துக்கொண்டே பெறக்கூடியது இது.

வட்டிக்குப் பூட்டு

இதுவரை சொன்னது ஒப்பந்தத்தில் பேரம் பேசிப் பெறுவது. இனி வருவது சட்டப்படி எல்லாப் படையினருக்கும் உரியது.

பணியிலுள்ள வீரரைக் கடன்காரர் நெருக்கக்கூடாது என்ற எண்ணம் அமெரிக்கச் சட்டத்தில் பழையது. 1940-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் 2003-ல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி, முழுநேரப் பணிக்கு வருமுன் வாங்கிய எந்தக் கடனுக்கும், பணிக்காலத்தில் 6 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வசூலிக்கக் கூடாது. மிகுதி வட்டியைத் தள்ளிவைத்துப் பிறகு வசூலிக்கவும் கூடாது. அது அடியோடு ரத்தாக வேண்டும். 2008 ஆகஸ்டில் இந்தப் பாதுகாப்பு கூட்டாட்சிக் கல்விக்கடன்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2024-25 கல்வியாண்டில் வழங்கப்பட்ட கூட்டாட்சிக் கடனின் வட்டி இளநிலை மாணவருக்கு 6.53, முதுநிலை மாணவருக்கு 8.08 விழுக்காடு என்பதை நினைத்தால் இதன் பயன் தெரியும். தனியார் வங்கிக் கடனுக்கும் இது பொருந்துவதால், 11 விழுக்காட்டில் 40,000 டாலர் வாங்கியவருக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் மிச்சமாகும்.

கூட்டாட்சிக் கடனுக்கு நிறுவனங்களே பாதுகாப்புத்துறைப் பதிவேட்டைப் பார்த்து வட்டியைக் குறைக்க வேண்டும். தனியார் கடனுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பணி ஆணையின் நகலையும் இணைக்க வேண்டும்; பணி முடிந்து 180 நாள் வரை இதற்கு அவகாசம் உண்டு. கேட்டும் கிடைக்காமல் போவதும் நடந்திருக்கிறது. 2014-ல் சாலி மே, நேவியன்ட் நிறுவனங்கள் இந்தச் சட்டத்தை மீறியதாக நீதித்துறை தொடுத்த வழக்கில், ஏறத்தாழ 78,000 படையினருக்கு 6 கோடி டாலர் இழப்பீடு வழங்குவதாக உடன்பாடு ஏற்பட்டது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வட்டி வரம்பு பணிக்கு முந்தைய கடனுக்கு மட்டுமே. பணியில் இருக்கும்போது பழைய கடன்களை ஒன்றாகத் திரட்டியோ வேறு வங்கிக்கு மாற்றியோ புதுக் கடனாக்கினால், அந்தப் புதுக் கடன் பணிக்குப் பிந்தையது, பாதுகாப்பு போய்விடும். கூட்டாட்சிக் கடனைத் தனியார் வங்கிக்கு மாற்றினால் மேலும் மோசம்: மேலே சொன்ன கடன் அடைப்பும் கீழே சொல்லப்போகும் தள்ளுபடியும் சேர்ந்தே போய்விடும். குறைந்த வட்டி என்ற ஒரே காரணத்துக்காகச் செய்யப்படும் இந்த மாற்றத்தைத் திருப்பவும் முடியாது.

போர் அபாயப் படி வழங்கப்படும் பகுதியில் பணியாற்றுவோருக்கு இன்னொரு சலுகை உண்டு. 2008 அக்டோபர் 1 முதல் வழங்கப்பட்ட நேரடிக் கூட்டாட்சிக் கடனுக்கு, அந்தப் பகுதியில் இருக்கும் காலத்தில், அதிகபட்சம் 60 மாதத்துக்கு, வட்டியே கிடையாது.

பத்தாண்டுத் தள்ளுபடி

நீண்டகாலம் படையில் இருக்க எண்ணுவோருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, 2007-ல் தொடங்கிய பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி. அரசுத் துறையில் முழுநேரம் பணியாற்றிக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால், எஞ்சிய நேரடிக் கூட்டாட்சிக் கடன் முழுவதும் ரத்தாகும். அதற்குக் கூட்டாட்சி வருமான வரியும் இல்லை. ஆசிரியர், செவிலியர், தீயணைப்பு வீரர் எல்லோருக்கும் உரிய பொதுத் திட்டம் இது; ராணுவமும் அரசுத் துறை என்பதால் படையினரும் இதில் அடங்குவர். அதிகாரிகளுக்கும் உண்டு. உச்சவரம்பு இல்லை. நேஷனல் கார்டின் பகுதிநேரப் பயிற்சி மட்டும் இதற்கு முழுநேரப் பணியாகாது.

படையினருக்கு இதில் ஒரு மறைமுகச் சாதகம் இருக்கிறது. வருமானத்துக்கு ஏற்பத் தவணை கட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால், மாதத் தவணை வரிக்கு உட்பட்ட வருமானத்தைக் கொண்டே நிர்ணயிக்கப்படும். சிப்பாயின் வருவாயில் கணிசமான பகுதி வீட்டுவாடகைப் படியும் உணவுப் படியும் ஆகும். இவற்றுக்கு வரி இல்லை. ஆதலால் வெளியில் அதே வருவாய் ஈட்டுபவரைவிட இவருடைய தவணை குறைவாக இருக்கும். சிலருக்கு அது பூஜ்யமாகவும் இருந்தது, அந்தப் பூஜ்யத் தவணையும் 120-ல் ஒன்றாக எண்ணப்பட்டது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இதைச் சற்று மாற்றியிருக்கிறது: 2026 ஜூலை முதல் கடன் வாங்குவோருக்கான புதிய வருமானவழி முறையில் குறைந்தபட்சத் தவணை மாதம் 10 டாலர்.

நடைமுறையில் இந்தத் திட்டம் தொடக்கத்தில் படையினரைக் கைவிட்டது என்றே சொல்ல வேண்டும். 2020 ஜனவரி வரை பாதுகாப்புத்துறையைச் சேர்ந்த 287 பேருக்கு மட்டுமே தள்ளுபடி கிடைத்தது, 5,180 விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன என்று அரசுக் கணக்குப் பொறுப்பு அலுவலகம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. நூற்றுக்கு 94 பேர் வெறுங்கையோடு திரும்பினர். அவர்களுள் பலர் தவறான வகைக் கடன் வைத்திருந்தனர், அல்லது தேவையான எண்ணிக்கையில் தவணை கட்டியிருக்கவில்லை. அயல்நாட்டுக்கு அனுப்பப்படும் வீரரிடம், தவணையை நிறுத்திவைத்துக்கொள்ளலாமே என்று கடன் நிறுவனங்கள் சொல்வது வழக்கம். கேட்க அன்பான ஆலோசனை. ஆனால் நிறுத்திவைத்த மாதங்கள் அப்போதைய விதிப்படி 120-ல் சேரவில்லை. 2023 ஜூலை முதல் விதி திருத்தப்பட்டு, ராணுவச் சேவைக்காக நிறுத்திவைத்த மாதங்களும் எண்ணப்படுகின்றன. படைத்துறை ஆண்டுக்கொருமுறை மொத்தமாகக் கட்டும் கடன் அடைப்புத் தொகையும் 12 மாதத் தவணை வரை ஈடாகக் கொள்ளப்படுகிறது. எனவே ஜி.ஐ. பில்லைப் போலன்றி, இங்கே ஒரே ஆண்டுச் சேவை இரண்டு கணக்கிலும் ஏற முடியும்.

மருத்துவர், பல் மருத்துவர் போன்றோருக்குத் தனித் திட்டம் உண்டு. முழுநேரப் பணியில் ஆண்டுக்கு 40,000 டாலர் வரை. பணியால் உடல் முற்றிலும் செயலிழந்ததாக முன்னாள் படையினர் நலத்துறை சான்றளித்தவர்களின் கூட்டாட்சிக் கடன் முழுவதும் ரத்தாகும்.

இத்திட்டங்கள் அரசியலிலும் வேர்விட்டிருக்கின்றன. அயல்நாட்டில் பணியாற்றும் படையினரின் கல்விக்கடனுக்கு நெகிழ்வு காட்டுவதற்காக 2003-ல் இயற்றப்பட்ட சட்டத்தைத்தான், 2022-ல் அதிபர் பைடன் கோடிக்கணக்கானோரின் கடனைத் தள்ளுபடி செய்யக் கருவியாகக் கொண்டார். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தள்ளுபடி அறிவிப்பு வந்த நாட்களில், கடன் இல்லாமல் போனால் ராணுவத்தின் மிகச் சிறந்த ஆள்சேர்ப்புக் கருவிகளுள் ஒன்று பலவீனப்படும் என்று அப்போது இந்தியானாவிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்த ஜிம் பேங்க்ஸ் வெளிப்படையாகவே எழுதினார். கல்விக்கடன் ஏன் ராணுவ அலுவலகத்தின் பேச்சுப்பொருளாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

தமிழ்க் குடும்பங்களுக்கு

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன அனைத்தும் பொருந்தும். பச்சை அட்டை வைத்திருப்பவரும் சிப்பாயாகச் சேரலாம். குடியுரிமை இல்லாமல் அதிகாரியாக முடியாது. மாணவர் விசாவில் இருப்பவருக்கு இப்போது வழி இல்லை. முன்பு, 2009 முதல் 2016 வரை, படைக்குத் தேவையான மொழி அறிந்த அயல்நாட்டவரை விசா நிலையிலேயே சேர்த்துக்கொள்ளும் 'மாவ்னி' என்ற திட்டம் இருந்தது; அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. 2016-ல் அது நிறுத்தப்பட்டது. சென்னையிலோ கோவையிலோ இந்திய வங்கியில் கல்விக்கடன் வாங்கிக்கொண்டு போனவர் பிற்காலத்தில் பச்சை அட்டை பெற்று அமெரிக்கப் படையில் சேர்ந்தாலும், அந்தக் கடன் அமெரிக்கக் கூட்டாட்சிக் கடன் அல்ல என்பதால், கடன் அடைப்புத் திட்டமும் பத்தாண்டுத் தள்ளுபடியும் அதைத் தொடமாட்டா. அவர் கையில் மிஞ்சுவது ஜி.ஐ. பில்தான். கடன் அடைப்புக்கு ஓர் ஆண்டும் செலவாகாததால், 36 மாதம் முடிந்ததும் அது அவருக்கு முழுமையாகவே கிடைக்கும்.